பிசிஎம் பஸ்ஸில் யார் மாஸ்டர், யார் ஸ்லேவ்? முதல்முறை இணைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு புராசஸரையும் ஒரு தொலைபேசி கோடெக் சிப்பையும் (குரலை எண்ணாகவும் எண்ணைக் குரலாகவும் மாற்றுவது) இணைக்கும்போது "யார் மாஸ்டர்?" என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு. இது தெரியாமல் உட்கார்ந்தால் அரை நாள் வேலை ஒரு வாரத்துக்கு இழுக்கும்.

இரண்டு விடைகள் இருப்பதற்குக் காரணம், நடுவில் இரண்டு பஸ்கள், அதாவது சிப்கள் பேசிக்கொள்ளும் கம்பித் தொகுதிகள், ஓடுவதுதான். ஒன்று எஸ்பிஐ. "லைனுக்கு மணி அடி", "ரிசீவரை எடுத்துவிட்டார்களா பார்" என்பது போன்ற கட்டளைகள் அதில் போகும். அங்கே மாஸ்டர் என்றால் பேச்சைத் தொடங்குபவர். புராசஸர் கேட்டால்தான் சிப் பதில் சொல்லும். இன்னொன்று பிசிஎம் பஸ். குரல் அதில் போகிறது. இந்த பஸ்ஸில் யாரும் யாருக்கும் உத்தரவு போடுவதில்லை. மாஸ்டர் என்றால் தாளம் போடுபவர், அவ்வளவுதான். ஒவ்வொரு பிட்டுக்கும் தட்டும் பிட் கிளாக்கையும், ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்தைச் சொல்லும் ஃபிரேம் சிங்க்கையும் கொடுப்பது அவர் வேலை. அந்தத் தாளத்துக்கு மற்றவர்கள் தங்கள் முறை வரும்போது எட்டு பிட்டை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். எஸ்பிஐயில் மாஸ்டராக இருக்கும் அதே புராசஸர் பிசிஎம்மில் ஸ்லேவாக இருக்கலாம். பல போர்டுகளில் அப்படித்தான் இருக்க வேண்டும்.

புதிய ஆவணங்களில் இந்தப் பெயர்கள் மாறியிருக்கும். சிப்களை இணைக்கும் இன்னொரு பஸ்ஸான ஐ2சியின் விவரக்குறிப்பு 2021 முதல் கன்ட்ரோலர், டார்கெட் என்கிறது. லினக்ஸின் ஆடியோ பகுதியில் புரொவைடர், கன்ஸ்யூமர் என்று வருகிறது. பிசிஎம்முக்கு இந்தக் கடைசி ஜோடி உண்மையிலேயே பொருத்தமான பெயர்: கிளாக்கைக் கொடுப்பவர், கிளாக்கை வாங்குபவர். ஆனாலும் கையில் இருக்கும் டேட்டாஷீட்களில் பெரும்பாலானவை மாஸ்டர், ஸ்லேவ் என்றே எழுதியிருப்பதால் இங்கேயும் அதையே வைத்துக்கொள்வோம்.

மேசையில் என்ன வேண்டும்

புராசஸர் போர்டு, கோடெக் சிப் உள்ள போர்டு, ஒரு சாதாரணத் தொலைபேசி. இரண்டு சேனல் ஆசிலோஸ்கோப், 100 மெகாஹெர்ட்ஸ் போதும். எட்டு சேனல் லாஜிக் அனலைசர். வினாடிக்கு 24 மெகாசாம்பிள் எடுக்கும் சின்னக் கருவியே இந்த வேலைக்குப் போதுமானது. 33 ஓம் ரெசிஸ்டர்கள் கொஞ்சம், 10 கிலோஓம் ரெசிஸ்டர்கள் கொஞ்சம். இணைப்புக் கம்பிகள் 10 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். ஒவ்வொரு கிளாக் கம்பியோடும் ஒரு கிரவுண்டு கம்பியும் சேர்ந்து போக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. தொலைபேசி லைனை ஓட்டும் சிப் சும்மா இருக்கும்போதே லைனில் 48 வோல்ட் அளவுக்கு டிசி மின்னழுத்தம் வைத்திருக்கும். மணி அடிக்கும்போது எழுபது, எண்பது வோல்ட் மாறுமின்னழுத்தம் வரலாம். லாஜிக் அனலைசர் புரோப்பை அந்தப் பக்கம் கொண்டுபோனால் கருவி போய்விடும். ஸ்கோப்பின் கிரவுண்டு கிளிப்பை லைன் கம்பியில் மாட்டினால் சிப் போய்விடும். அளப்பதெல்லாம் டிஜிட்டல் பக்கத்தில் மட்டும்.

மின்சாரம் கொடுக்கும் முன் இரண்டு போர்டுகளின் ஐஓ மின்னழுத்தம் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒன்று 3.3 வோல்ட், இன்னொன்று 1.8 வோல்ட் என்றால் நடுவில் மின்னழுத்தத்தை மாற்றித் தரும் லெவல் ஷிஃப்டர் வேண்டும். திசையைத் தானே ஊகிக்கும் வகை ஷிஃப்டர்கள் கிளாக் கம்பிக்கு ஒத்துவருவதில்லை. திசை நிலையாக உள்ள வகையை வாங்குங்கள்.

முதலில் கணக்கு

தொலைபேசிக் குரல் வினாடிக்கு 8,000 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வொரு அளவும் எட்டு பிட். இந்த ஏற்பாட்டை ஜி.711 என்று 1972 முதல் ஐடியு (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) தரப்படுத்தியிருக்கிறது. அளவுகளுக்கு இடைவெளி 125 மைக்ரோவினாடி. இதுதான் ஒரு ஃபிரேம். ஃபிரேம் சிங்க் எப்போதும் 8 கிலோஹெர்ட்ஸ். இந்த எண்ணை மாற்ற இடமில்லை.

மாற்றக்கூடியது பிட் கிளாக். அதுதான் ஒரு ஃபிரேமுக்குள் எத்தனை ஸ்லாட் (ஒரு குரலின் எட்டு பிட்டுக்கான இடம்) அடங்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. 2.048 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு ஃபிரேமில் 256 பிட், எட்டெட்டாகப் பிரித்தால் 32 ஸ்லாட். 512 கிலோஹெர்ட்ஸ் என்றால் 8 ஸ்லாட். 8.192 மெகாஹெர்ட்ஸ் என்றால் 128 ஸ்லாட். முதல் முயற்சிக்கு 2.048 நல்லது. ஏறக்குறைய எல்லா கோடெக்கும் அதை ஏற்கும், ஒரு பிட்டின் அகலம் 488 நானோவினாடி என்பதால் சின்ன அனலைசரிலும் தெளிவாகத் தெரியும்.

எட்டு பிட்டுக்குப் பதில் பதினாறு பிட் லீனியர் (சுருக்காத அளவு) வேண்டுமென்றால் ஒரு குரலுக்கு அடுத்தடுத்த இரண்டு ஸ்லாட் போய்விடும். முதல் நாளில் அது வேண்டாம். எட்டு பிட்டில் இருங்கள்.

யார் கிளாக் கொடுப்பது

போர்டு வெளி நெட்வொர்க்கோடு, உதாரணத்துக்குப் பல குரல்களை ஒன்றாகக் கொண்டுபோகும் இ1 டிரங்க் லைனோடு, இணைகிறதா? அப்படியானால் உங்களுக்குத் தேர்வே இல்லை. நெட்வொர்க்கிலிருந்து வரும் பிட் ஓட்டத்திலிருந்து மீட்டெடுத்த கிளாக்தான் போர்டு முழுவதற்கும் மாஸ்டர். புராசஸர் உட்பட எல்லாரும் ஸ்லேவ்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? இரண்டு கிரிஸ்டல்கள் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. இரண்டுக்கும் இடையே 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மலிவான கிரிஸ்டல்களில் சர்வசாதாரணம். 8,000-ஐ 50 பிபிஎம்மால் பெருக்கினால் வினாடிக்கு 0.4 சாம்பிள். அதாவது ஒவ்வொரு இரண்டரை வினாடிக்கும் ஒரு சாம்பிள் மிஞ்சும் அல்லது குறையும். பேச்சில் அது "டிக்" என்று கேட்கும், பலர் கவனிக்கவே மாட்டார்கள். அதே லைனில் ஃபேக்ஸ் அனுப்பினால் பக்கம் பாதியில் அறுந்துவிடும். நெட்வொர்க்கின் தலைமைக் கிளாக்குகளுக்கு ஜி.811 தரம் விதிக்கும் துல்லியம் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு. அப்படிப்பட்ட இரண்டு கிளாக்குகள் தனித்தனியே ஓடினால் எழுபது நாளுக்கு மேல் ஆன பிறகுதான் ஒரு சாம்பிள் வழுக்கும். அதோடு உங்கள் போர்டில் இருக்கும் கிரிஸ்டலை ஒப்பிட்டுப் பாருங்கள்.

வெளி இணைப்பு இல்லாத தனிப் போர்டு என்றால் புராசஸரே மாஸ்டராக இருக்கட்டும். அதன் உள் பிஎல்எல் (ஒரு கிளாக்கிலிருந்து வேறு அதிர்வெண்ணை உண்டாக்கும் சுற்று) 2.048 மெகாஹெர்ட்ஸைச் சரியாகத் தருமா என்று மட்டும் பாருங்கள். 24 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை முழு எண்ணால் வகுத்து 2.048 வராது. பின்ன வகுப்பான் உள்ள பிஎல்எல் இல்லையென்றால் கோடெக் பக்கம் 8.192 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் வைத்து நாலால் வகுத்துக்கொள்வது சுலபம்.

மென்பொருளில் இதைச் சொல்லும் இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. லினக்ஸின் பழைய பெயர்களில் சிபிஎம் என்பது "கோடெக் பிட் கிளாக் மாஸ்டர்", சிபிஎஸ் என்பது "கோடெக் பிட் கிளாக் ஸ்லேவ்". இரண்டும் கோடெக்கின் பார்வையில் சொல்லப்பட்டவை. புராசஸர் பக்க டிரைவரில் உட்கார்ந்துகொண்டு "நான் மாஸ்டர்" என்று நினைத்து சிபிஎம் எழுதினால் தலைகீழாகிவிடும். இரண்டு பக்கமும் ஸ்லேவாகிவிட்டால் கிளாக்கே இருக்காது. பதிவு செய்யும் கட்டளை சற்று நேரம் காத்திருந்து பிழை சொல்லி நின்றுவிடும். இரண்டு பக்கமும் மாஸ்டரானால் அது இன்னும் மோசம். இரண்டு பக்கத்துப் பின்களும் ஒரே கம்பியை எதிரெதிர்த் திசையில் இழுக்கும். ஸ்கோப்பில் மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல் ஒன்றரை வோல்ட் பக்கத்தில் படிகள் தெரியும், சிப் சூடாகும். அந்தப் படிகளைப் பார்த்ததும் மின்சாரத்தை நிறுத்துங்கள்.

கம்பி இணைப்பு

பிசிஎம்முக்கு நாலு கம்பி: பிட் கிளாக், ஃபிரேம் சிங்க், டிஎக்ஸ் (அனுப்புவது), டிஆர் (வாங்குவது). எஸ்பிஐக்கு நாலு: கிளாக், உள்ளே போகும் டேட்டா, வெளியே வரும் டேட்டா, சிப் செலக்ட். இவற்றோடு ரீசெட் ஒன்று, இன்டரப்ட் ஒன்று.

டிஎக்ஸ் என்பது ஒவ்வொரு சிப்பும் தன் பார்வையில் வைத்துக்கொண்ட பெயர். கோடெக்கின் டிஎக்ஸ் புராசஸரின் டிஆருக்குப் போக வேண்டும். பெயரைப் பார்த்து டிஎக்ஸை டிஎக்ஸோடு சேர்ப்பது இந்த வேலையில் எல்லாரும் ஒரு தடவை செய்யும் தவறு. போர்டு வரைபடத்தில் கம்பிக்குப் பெயர் வைக்கும்போது "கோடெக்கிலிருந்து புராசஸருக்கு" என்று திசையையும் எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

கிளாக்கைத் தருபவரின் பின்னுக்கு ஒட்டியே 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வையுங்கள். ஃபிரேம் சிங்க்குக்கும் அப்படியே. 2 மெகாஹெர்ட்ஸ்தானே, இதற்கெல்லாம் எதற்கு என்று தோன்றும். சிக்கல் அதிர்வெண்ணில் வருவதில்லை. இன்றைய பின்கள் ஓரிரு நானோவினாடியில் மேலே தாவுகின்றன. அந்தத் தாவல் கம்பியின் மறுமுனையில் மோதித் திரும்பி வரும்போது சிப் ஒரு கிளாக்கை இரண்டாக எண்ணிவிடும். அந்த ஃபிரேமில் 256-க்குப் பதில் 257. அதற்குப் பிறகு வரும் எல்லா பிட்டும் ஓரிடம் தள்ளிப்போகும். ஸ்கோப்பில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே தெரியும். புரோப்பின் நீளமான கிரவுண்டு கம்பி தன் பங்குக்கு ஒரு அலையைச் சேர்த்துக் காட்டும் என்பதால் அதைக் கழற்றிவிட்டு, முனையில் மாட்டும் சின்ன ஸ்பிரிங் கிரவுண்டை வைத்துப் பாருங்கள்.

கோடெக்கின் டிஎக்ஸ் கம்பிக்கு 10 கிலோஓம் புல்-அப் ஒன்று. தன் ஸ்லாட் முடிந்ததும் கோடெக் அந்தக் கம்பியை விட்டுவிடும். யாரும் பிடிக்காத நேரத்தில் கம்பி அந்தரத்தில் தொங்காமல் 1-இல் நிற்க இது உதவும்.

கிளாக்கை மட்டும் ஓடவிடுங்கள்

இப்போது குரலைப் பற்றி நினைக்கவே வேண்டாம். எஸ்பிஐயையும் தொட வேண்டாம். பிட் கிளாக்கும் ஃபிரேம் சிங்க்கும் மட்டும் ஓடட்டும். ஃபிரேம் சிங்க் ஏறும் விளிம்பில் டிரிகர் வைத்து அனலைசரில் ஒரு மில்லிவினாடிக்குப் பதிவு செய்யுங்கள். எட்டு ஃபிரேம் கிடைக்கும். ஒவ்வொரு ஃபிரேமிலும் பிட் கிளாக்கின் ஏறும் விளிம்புகளை எண்ணுங்கள். 256 இருக்க வேண்டும், எட்டிலும் 256. ஒன்றில் 255 வந்தாலும் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

255-உம் 257-உம் மாறி மாறி வந்தால் ஃபிரேம் சிங்க் வேறொரு டைமரிலிருந்து வருகிறது என்று அர்த்தம். இரண்டும் தனித்தனியே ஓடுகின்றன. ஃபிரேம் சிங்க்கை பிட் கிளாக்கை வகுத்தே எடுக்க வேண்டும். எப்போதோ ஒன்றில் மட்டும் 257 வந்தால் மேலே சொன்ன எதிரொலிப்புதான். அனலைசர் 256 என்று காட்டியும் சிப் கிளாக் பிழை என்று சொன்னால், பிழை சிப்பின் பின்னருகே நடக்கிறது. அங்கே ஸ்கோப்பை வையுங்கள்.

அடுத்து ஃபிரேம் சிங்க்கின் வடிவம். இதில் இரண்டு பழக்கங்கள் உண்டு. குட்டை சிங்க்கில் பல்ஸ் ஒரே ஒரு கிளாக் அகலம். முதல் பிட் அதற்கு அடுத்த கிளாக்கில் தொடங்கும். நீள சிங்க்கில் பல்ஸ் ஏறும் அதே நேரத்தில் முதல் பிட்டும் தொடங்கும், பல்ஸ் சில கிளாக்குகள் நீண்டு நிற்கும். லினக்ஸில் முதலாவதுக்கு டிஎஸ்பி-ஏ, இரண்டாவதுக்கு டிஎஸ்பி-பி என்று பெயர். ஐ2எஸ் என்ற மூன்றாவது பெயரும் பட்டியலில் இருக்கும், பழக்கமான பெயர் என்று பலர் அதைத் தேர்ந்தெடுப்பார்கள். அது இடது, வலது என்று இரண்டே சேனலுக்கான ஏற்பாடு. 32 ஸ்லாட் பஸ்ஸுக்கு அதைப் போட்டால் உங்கள் ஸ்லாட் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

டேட்டாவைப் பொறுத்தவரை பொதுவான வழக்கம்: ஏறும் விளிம்பில் வைப்பது, இறங்கும் விளிம்பில் எடுப்பது, பெரிய பிட் முதலில். உங்கள் டேட்டாஷீட்டின் டைமிங் படத்தை அச்செடுத்து அனலைசர் படத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மனக்கணக்கு இந்த இடத்தில் கைவிட்டுவிடும்.

எஸ்பிஐயில் முதல் பேச்சு

கிளாக் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிப்பை ரீசெட் செய்யுங்கள். பல கோடெக்குகள் உள்ளே இருக்கும் பிஎல்எல்லை பிசிஎம் கிளாக்கில்தான் பூட்டுகின்றன. கிளாக் இல்லாமல் ரீசெட்டை விடுவித்தால் சிப் பாதி விழித்த நிலையில் நிற்கும். சில ரெஜிஸ்டர்கள் (சிப்பின் அமைப்புகளை எழுதிப் படிக்கும் இடங்கள்) பதில் சொல்லும், சில சொல்லாது. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்துவிட்டு எஸ்பிஐ டிரைவரைச் சந்தேகப்படுவதில் நிறைய நேரம் வீணாகும்.

எஸ்பிஐ வேகத்தை முதலில் 1 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். சிப்பின் அடையாள எண் இருக்கும் ரெஜிஸ்டரைப் படியுங்கள். எப்போதும் 255 வந்தால் சிப் பேசவில்லை: சிப் செலக்ட், ரீசெட், மின்சாரம் என்று அந்த வரிசையில் பாருங்கள். எப்போதும் 0 வந்தால் டேட்டா கம்பி கிரவுண்டைத் தொடுகிறதா என்று பாருங்கள். 5 வர வேண்டிய இடத்தில் 10 அல்லது 2 வந்தால் எல்லாம் சரி, ஒரு பிட் மட்டும் தள்ளியிருக்கிறது. எஸ்பிஐயின் நாலு மோடுகளில் தவறானதில் இருக்கிறீர்கள்.

சரியான எண் வந்ததும் எழுதக்கூடிய ஏதாவது ஒரு ரெஜிஸ்டரில் 85 எழுதிப் படியுங்கள், பிறகு 170. இரும எண்ணில் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்மறை, எல்லா பிட்டும் புரண்டு பார்க்கப்பட்டுவிடும். ஆயிரம் தடவை சுழற்சியில் ஓடவிட்டு ஒரு பிழைகூட இல்லை என்றால் மேலே போகலாம்.

ஸ்லாட் ஒதுக்குதல்

கோடெக்கில் மூன்று விஷயம் எழுத வேண்டும்: எந்த இடத்தில் அனுப்புவது, எந்த இடத்திலிருந்து வாங்குவது, குரலை எட்டு பிட்டுக்குள் சுருக்கும் முறை ஏ-லாவா மியூ-லாவா.

இடத்தைச் சில சிப்கள் ஸ்லாட் எண்ணாகக் கேட்கும், சில பிட் எண்ணாகக் கேட்கும். பிட் எண்ணாகக் கேட்கும் சிப்பில் ஸ்லாட் 3 வேண்டுமென்றால் 24 எழுத வேண்டும். 3 எழுதினால் மூன்றாவது பிட்டில் தொடங்கி இரண்டு ஸ்லாட்டில் பரவிக்கொள்ளும். முதல் சோதனைக்கு ஸ்லாட் 0 வேண்டாம். எதுவும் அமைக்காத சிப் பெரும்பாலும் 0-இலேயே நிற்பதால், நீங்கள் எழுதியது வேலை செய்கிறதா, பழைய நிலையே தொடர்கிறதா என்று தெரியாது. ஸ்லாட் 3 எடுங்கள்.

ஏ-லா, மியூ-லா விஷயத்தில் வட அமெரிக்காவும் ஜப்பானும் மியூ-லா, இந்தியாவும் ஐரோப்பாவும் ஏ-லா. இரண்டு முனையிலும் ஒன்றே இருக்க வேண்டும்.

நிசப்தத்தைப் படிப்பது

தொலைபேசி ரிசீவரை எடுத்து வையுங்கள், யாரும் பேச வேண்டாம். அனலைசரில் கோடெக்கின் டிஎக்ஸ் கம்பியைப் பாருங்கள். ஸ்லாட் 3 ஃபிரேம் தொடக்கத்திலிருந்து 11.7 மைக்ரோவினாடியில் தொடங்கும். அங்கே இறங்கும் விளிம்புகளில் பிட்களைப் படித்தால் ஏ-லாவில் 1101 0101 வரும். தசமத்தில் 213. சில ஃபிரேம்களில் 0101 0101, அதாவது 85. இரண்டும் பூஜ்யம்தான், நேர்க்குறிப் பூஜ்யமும் எதிர்க்குறிப் பூஜ்யமும். 212, 84 போல ஒட்டிய எண்களும் அவ்வப்போது தலைகாட்டும். மியூ-லாவில் 255, 127. இந்த எண்கள் கண்ணில் பட்டால் சிப் உயிரோடு இருக்கிறது, ஸ்லாட் சரி, பிட் வரிசை சரி. ஒரே பார்வையில் இத்தனை விஷயம் தெரிந்துவிடுவதால் குரலைக் காதால் கேட்பதற்கு முன் நிசப்தத்தைக் கண்ணால் பார்ப்பதை நாங்கள் வற்புறுத்துகிறோம்.

இந்த இடத்தில் ஒரு பிட் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். புராசஸர் ஒரு பிட் முன்னதாகவே படிக்கத் தொடங்குகிறது என்று வையுங்கள். முன்னால் இருக்கும் புல்-அப்பின் 1-ஐயும் பிறகு முதல் ஏழு பிட்டையும் எடுக்கும். 1101 0101 என்பது 1110 1010 ஆகும், 0101 0101 என்பது 1010 1010 ஆகும். ஏ-லா விதிப்படி ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிட்களைத் திருப்பிப் போட்டு விரித்தால், 4,096 அளவுள்ள அளவுகோலில் முதலாவது 252, இரண்டாவது 4,032. கிட்டத்தட்ட உச்சம். பூஜ்யத்துக்கும் பூஜ்யத்துக்கும் இடையே நடந்த சின்ன ஆட்டம் காதில் இடிபோல விழும். ரிசீவரைக் காதில் வைத்ததும் அருவி கொட்டுவது போலச் சத்தம், அதற்கு அடியில் எங்கோ பேச்சு மாதிரி ஏதோ ஒன்று: இது ஒரு பிட் நகர்வின் கையெழுத்து. குட்டை சிங்க், நீள சிங்க் குழப்பம்தான் பத்தில் ஒன்பது முறை காரணம். கோடெக்கின் பிட் நகர்வு ரெஜிஸ்டரில் 1 கூட்டியோ குறைத்தோ சரிசெய்யலாம். ஆனால் அதற்கு முன் இரண்டு பக்கமும் ஒரே வகை சிங்க்கில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தவறை ரெஜிஸ்டரால் மறைத்துவிட்டால் இரண்டாவது சிப் சேரும்போது அது திரும்ப வரும்.

இதிலிருந்து வேறுபட்டது ஏ-லா, மியூ-லா முரண்பாடு. அதில் பேச்சு நன்றாகவே புரியும். ஆனால் கரகரப்பாக இருக்கும், அமைதியான நேரத்தில் லேசான இரைச்சல் கேட்கும். புரிகிறதே என்று விட்டுவிடுவதால் இந்தத் தவறு பொருள் வாடிக்கையாளர் கைக்குப் போகும் வரை ஒளிந்திருக்கும். பிட் வரிசையே தலைகீழாக, சின்ன பிட் முதலில், இருந்தால் பேச்சின் சாயல்கூட இருக்காது.

ஒரு சீரான தொனி

புராசஸரிலிருந்து கோடெக்குக்குப் போகும் பாதையைச் சோதிக்க ஜி.711 தரத்திலேயே ஒரு எண் வரிசை இருக்கிறது. ஏ-லாவுக்கு 52, 33, 33, 52, 180, 161, 161, 180. மியூ-லாவுக்கு 30, 11, 11, 30, 158, 139, 139, 158. எட்டு எண்களையும் ஃபிரேமுக்கு ஒன்றாக ஸ்லாட் 3-இல் சுற்றிச் சுற்றி அனுப்புங்கள். ரிசீவரில் சுத்தமான 1 கிலோஹெர்ட்ஸ் தொனி கேட்க வேண்டும். எண்கள் எல்லாம் தசமம். உங்கள் நிரலில் பதினாறடி எண்ணாக மாற்றிக்கொள்ளும்போது எழுத்துப்பிழை வராமல் பாருங்கள்.

தொனி சுத்தமாக வந்து, இரண்டு மூன்று வினாடிக்கு ஒருமுறை "டிக்" என்று தடுக்கினால் எங்கோ இரண்டு கிளாக்குகள் ஓடுகின்றன. தொனி வேறு சுருதியில் கேட்டால் ஃபிரேம் சிங்க் 8 கிலோஹெர்ட்ஸ் இல்லை. சுருதி சரியாக இருந்து கரகரப்பாக இருந்தால் ஏ-லா, மியூ-லாவைப் பாருங்கள்.

திரும்பி வரும் பாதைக்கு, வந்ததை அப்படியே திருப்பி அனுப்பும் கோடெக்கின் லூப்பேக்கைப் பயன்படுத்துங்கள். டிஜிட்டல் லூப்பேக்கில் நீங்கள் அனுப்பிய எட்டு எண்களும் மாறாமல் திரும்ப வேண்டும், ஒரு பிட்கூட மாறக்கூடாது. அனலாக் லூப்பேக்கில் எண்கள் மாறும், தொனி மாறாது. டிஜிட்டல் லூப்பேக் சரியாக இருந்து குரல் ஒரு திசையில் மட்டும் போகிறது என்றால் பஸ்ஸை விட்டுவிட்டு லைன் பக்கம் தேடுங்கள்.

சேனல்கள் இடம் மாறும் நோய்

ஒரு லைன் ஓடிவிட்டது, நாலு லைனாக ஆக்குகிறீர்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது. சில மணி நேரம் கழித்து முதல் லைனில் பேசுவது இரண்டாவது லைனில் கேட்கிறது. போர்டை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது. வன்பொருள் ஆட்கள் மென்பொருளைக் கை காட்டுவார்கள், அவர்கள் இவர்களை.

பெரும்பாலும் இது புராசஸரின் டிஎம்ஏவில் (டேட்டாவைத் தானாக மெமரிக்கு நகர்த்தும் பகுதி) நடப்பது. டிஎம்ஏவுக்கு ஸ்லாட் தெரியாது, வரும் பைட்டை வரிசையாக அடுக்குவது மட்டுமே தெரியும். முதல் பைட் ஸ்லாட் 0 என்று நாம் நம்புகிறோம். வேறு வேலையில் புராசஸர் மாட்டிக்கொண்டு ஒரே ஒரு பைட் தவறிப்போனால் அதற்குப் பிறகு எல்லாம் ஓரிடம் நகர்ந்துவிடும், தானாகத் திரும்பாது. மருந்து மூன்று. சீரியல் போர்ட்டை ஃபிரேம் சிங்க் விளிம்பில் மட்டுமே தொடங்கும்படி அமைப்பது. ஓவர்ரன் (டேட்டா நிரம்பி வழிவது), அண்டர்ரன் (டேட்டா தீர்ந்துபோவது) பிழை வந்தால் அதை எண்ணிக்கையாக மட்டும் பதிவு செய்துவிட்டுத் தொடராமல் போர்ட்டை நிறுத்தி மறுபடி ஃபிரேம் தொடக்கத்தில் கிளப்புவது. பயன்படுத்தாத ஒரு ஸ்லாட்டில் தெரிந்த ஒரு எண்ணை, சொல்லப்போனால் 90-ஐ, சுற்றுக்கு விட்டு அது அதே இடத்தில் திரும்ப வருகிறதா என்று மென்பொருள் கண்காணிப்பது. இந்த மூன்றாவதற்கு ஒரு ஸ்லாட் செலவு. 32 இருக்கும்போது அது பெரிய செலவில்லை.

ஒரே கம்பியில் பல ஸ்லேவ்கள்

எல்லா கோடெக்குகளின் டிஎக்ஸையும் ஒன்றாகக் கட்டலாம், எல்லா டிஆரையும் ஒன்றாகக் கட்டலாம். ஒரே விதி: ஒரு ஸ்லாட்டில் ஒருவர்தான் பேசலாம். தொடக்கத்தில் எல்லா சிப்பின் அனுப்புதலையும் நிறுத்திவைத்து, ஒவ்வொன்றுக்கும் ஸ்லாட்டை எழுதிய பிறகே திறந்துவிடுங்கள். இயல்பு நிலையிலேயே அனுப்பத் தொடங்கும் சிப்கள் உண்டு. அப்படி இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி ரீசெட் கம்பி கொடுத்து ஒன்றன்பின் ஒன்றாக விழிக்க வையுங்கள்.

அடுத்தடுத்த ஸ்லாட்டில் இருக்கும் இரண்டு சிப்களில் முதலாவது கம்பியை விடுவதற்குள் இரண்டாவது பிடித்துவிட்டால் சில நானோவினாடி மோதல் நடக்கும். அது பெரும்பாலும் பேச்சைக் கெடுக்காது, ஆனால் மின்சார வழியில் கூர்மையான இரைச்சலைக் கிளப்பும். கடைசி பிட்டைப் பாதியிலேயே விட்டுவிடும் அமைப்பு பல கோடெக்குகளில் உண்டு. புல்-அப்போ கம்பியின் சொந்தக் கொள்ளளவோ மீதிப் பாதியைத் தாங்கிக்கொள்ளும். அந்த அமைப்பைப் போட்டுவிடுங்கள்.

கிளாக் கம்பியை நட்சத்திரம் போல நாலு பக்கமும் பிரிக்காதீர்கள். ஒரு சிப்பிலிருந்து அடுத்த சிப்புக்கு என்று சங்கிலியாக இழுங்கள். எட்டு சிப்புக்கு மேல் போனால் கிளாக் பஃபர் ஒன்று வைத்து ஒவ்வொரு கிளைக்கும் தனி 33 ஓம் கொடுங்கள்.

ஐஎஸ்டிஎன் (டிஜிட்டல் தொலைபேசி) சிப்களில் வரும் ஐஓஎம்-2 பஸ்ஸும் இதே குடும்பம்தான், இரண்டு வித்தியாசங்களோடு. அங்கே கிளாக் டேட்டாவைப் போல இரட்டை வேகம். 2.048 மெகாபிட் டேட்டாவுக்கு 4.096 மெகாஹெர்ட்ஸ் கிளாக் ஓடும். ஒரு ஃபிரேமில் 512 விளிம்புகளை எண்ணிவிட்டுப் பதற வேண்டாம். இரண்டாவது, அதற்குத் தனி எஸ்பிஐ தேவையில்லை. ஒவ்வொரு சேனலும் நாலு பைட்: இரண்டு குரலுக்கு, ஒன்று மானிட்டர், கடைசி பைட்டில் இரண்டு பிட் டி-சேனல் (அழைப்புச் சமிக்ஞைக்கு), நாலு பிட் கட்டளைக் குறிப்பு, மீதி இரண்டு பிட் மானிட்டரின் கைகுலுக்கல். ரெஜிஸ்டர் எழுதுவதெல்லாம் மானிட்டர் பைட் வழியாகத்தான். ஒரு பைட்டைக் குறைந்தது இரண்டு ஃபிரேமுக்கு மாறாமல் காட்ட வேண்டும், மறுமுனை ஒப்புக்கொண்ட பிறகே அடுத்த பைட். மெதுவான வழி. ஆனால் மானிட்டர் பைட் நகரவே மாட்டேன் என்று நின்றால் கோளாறு மறுபடியும் பழைய இடத்தில்தான் இருக்கும்: கிளாக்கை ஒற்றையா இரட்டையா என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அமைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.